படம் வேறு, வலி வேறு: கழுத்துவலி, முதுகுவலி குறித்த வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கழுத்துவலி, முதுகுவலி பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே அச்சம்தான் வெவ்வேறு வார்த்தைகளில் வெளிப்பட்டிருந்தது: ‘என் முதுகெலும்பு கெட்டுப்போய்விட்டதா?’ அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாத இடங்களில் அதைப் போக்கவும், காரணம் உள்ள இடங்களில் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லவும் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சுருக்கப்பட்டுள்ளன. இவை நேரில் பரிசோதித்துச் சொன்ன பதில்கள் அல்ல என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 44. அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். ஆறு மாதமாக இடுப்புவலி விட்டுவிட்டு வருகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கீழ்முதுகில் இரண்டு இடங்களில் டிஸ்க் தேய்ந்து பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து குனியவே பயமாக இருக்கிறது. குழந்தையைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டேன். இந்தத் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியுமா டாக்டர்?

பதில்: அறிக்கையில் உள்ள அந்த இரண்டு சொற்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகுவலியே இல்லாதவர்களுக்கு எடுக்கப்பட்ட ஸ்கேன் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளை, அதாவது 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2015-இல் வெளியானது. எந்த வலியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்த 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும், 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கமும் படத்தில் தெரிந்தன. உங்களை ஒத்த 40 வயதினரில் தேய்மானம் 68 சதவீதம், பிதுக்கம் 50 சதவீதம். 80 வயதில் தேய்மானம் 96 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆகவே, உங்கள் படத்தில் இருப்பது உங்கள் வயதில் இருக்கக்கூடியதுதான். அதுவே உங்கள் வலிக்குக் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்க்கின் இயல்பைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். முதுகுத் தண்டில் அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. அவற்றுக்கு இடையிலும் அடியிலுமாக 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. வெளிப்புறம் வலுவான நார் வளையங்கள், உள்ளே நீர்ச்சத்து மிகுந்த குழைவான மையம். பெரியவர்களின் டிஸ்க்கின் உட்பகுதிக்கு நேரடி இரத்தக் குழாய்கள் கிடையாது. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வரும் சத்துகளைக் கொண்டே அது பிழைக்கிறது. பகல் முழுவதும் உடல் எடையைத் தாங்கி நீரைக் கொஞ்சம் இழக்கிறது, இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. நாம் காலையில் மாலையைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சுமை ஏறுவதும் இறங்குவதும் டிஸ்க்குக்கு அன்றாட வாழ்க்கை. குனிந்தால் உடைந்துவிடும் பொருளாக அதை நினைக்க வேண்டியதில்லை.

முதுகுவலியோடு மருத்துவரிடம் வருபவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. தசை, தசைநார், சிறு மூட்டுகள், டிஸ்க் என எல்லாமே வலியை எழுப்பக்கூடியவை. இது கேட்பதற்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் புற்று, தொற்று, எலும்பு முறிவு போன்ற கடுமையான காரணங்கள் இல்லை என்பதே அதன் பொருள் என்பதால், இது நல்ல செய்திதான்.

தேய்மானத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வலி குறைவதற்கு அது மறைய வேண்டியதும் இல்லை. இப்போது உங்களை அதிகம் முடக்கியிருப்பது குனியப் பயப்படுவதுதான் என்று நான் கருதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெதுவாக நழுவவிட்டுக் குனிந்து நிமிர்வதிலிருந்து தொடங்குங்கள். அது பழகியபின் நின்றுகொண்டு செய்யுங்கள். பிறகு எடை குறைந்த பொருளைத் தரையிலிருந்து எடுங்கள். கொஞ்சம் வலித்தால் நிறுத்திவிட வேண்டாம்; மறுநாள் வரை வலி கூடியே இருந்தால் மட்டும் அளவைக் குறையுங்கள். குழந்தையைத் தூக்கும்போது முதலில் உடம்போடு அணைத்துக்கொண்டு, பின்பு எழுந்திருங்கள். கை நீட்டி எட்டத்தில் வைத்துத் தூக்கினால்தான் கீழ்முதுகின்மீது சுமை பல மடங்கு ஏறுகிறது. படுக்கையிலிருந்து எழுந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு டிஸ்க்குகள் நீரேறிப் புடைத்திருக்கும் என்பதால், பெருஞ்சுமை தூக்குவதை மட்டும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று நாளுக்கு முன்பு வாளியைத் தூக்கக் குனிந்தபோது இடுப்பு ‘சடக்’கென்று பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. மூன்று வாரம் அசையாமல் படுத்திருந்தால்தான் சரியாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். காலில் வலியோ மரத்துப்போதலோ இல்லை. வயது 35.

பதில்: மூன்று வாரம் படுக்க வேண்டாம். முதல் ஓரிரு நாள், வலி தாங்காத நேரங்களில் மட்டும் படுத்தால் போதும். நெடுங்காலம் மருத்துவர்களும் படுக்கை ஓய்வைத்தான் பரிந்துரைத்து வந்தார்கள். 1986-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய குழுவினரும் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை இரண்டு நாளும் மற்றொரு பிரிவினரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். குணமானதில் வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாமலிருந்த நாள்கள்தாம் வெகுவாகக் குறைந்திருந்தன. 1995-இல் ஃபின்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. படுத்திருந்தவர்கள், தனிப் பயிற்சி செய்தவர்கள், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என மூன்று பிரிவினரில், கடைசிப் பிரிவினரே விரைவாகத் தேறினார்கள்.

இந்த நாள்களில் மிகவும் துன்புறுத்துவது படுக்கையிலிருந்து எழும் அந்த ஒரு நிமிடம். நேராக நிமிர்ந்து எழ முயலாதீர்கள். மல்லாந்த நிலையில் இரண்டு முழங்கால்களையும் மடக்கிக்கொள்ளுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கட்டிலின் விளிம்புக்கு வாருங்கள். இரு கால்களையும் கீழே தொங்கவிடும்போதே, மேலிருக்கும் கையால் மெத்தையை ஊன்றித் தள்ளுங்கள். கால்களின் எடையே உங்களை உட்காரவைத்துவிடும். உட்கார்ந்து இரண்டு மூச்சு விட்டபின் எழுந்து நில்லுங்கள்.

பிடித்துக்கொண்ட தசைக்குச் சூடான ஒத்தடம் இதமாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடங்கள் நடங்கள். மருந்தைப் பொறுத்தவரை, பாராசிட்டமால் இவ்வகை வலிக்கு அதிகம் உதவுவதில்லை. ஆஸ்திரேலியாவில் நடத்தி 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக 17 நாளும், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்கள் குணமாக 16 நாளும் ஆயின. ஐபுபுரோஃபென் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைகள் ஓரளவு பலன் தரும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் அவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. மற்றவர்களும் மருத்துவர் சொல்லும் அளவில், சில நாள்களுக்கு மட்டும் எடுக்கலாம். பெரும்பாலோருக்கு இந்தப் பிடிப்பு சில வாரங்களில், ஆறு வாரத்துக்குள்ளாகவே, நன்றாகத் தணிந்துவிடும்.

கேள்வி: வயது 38. ஏழு வாரமாக வலது புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது. இருமினால் கூடுகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்திருக்கிறது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதாகப் படத்தில் இருக்கிறது. ஒரு மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார், இன்னொருவர் பொறுத்திருக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் விஷயத்தில் படமும் வலியும் ஒத்துப்போகின்றன. கீழ்முதுகின் நரம்பு வேர்கள் பல சேர்ந்து உருவாகும் சயாட்டிக் நரம்பு உடலிலேயே மிகவும் தடித்த நரம்பு. அதற்குச் செல்லும் வேர் ஒன்று அழுத்தப்படும்போது, முதுகைவிடக் காலில்தான் வலி அதிகமாகும். டிஸ்க் விலகல்களில் பெரும்பாலானவை கீழ்முதுகின் கடைசி இரண்டு மட்டங்களிலேயே நிகழ்கின்றன. சுண்டுவிரல் பக்கம் மரத்திருப்பது, அவற்றுள் ஆகக் கீழேயுள்ள மட்டத்தைச் சுட்டுகிறது.

இரண்டு மருத்துவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வெளியே தள்ளிய டிஸ்க் துண்டை உடலின் எதிர்ப்பணுக்கள் வேற்றுப் பொருளாகக் கருதி மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அதிலும் பெரிய துண்டுகளே அதிகம் சுருங்குகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நெதர்லாந்தில் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வொன்றில், 6 முதல் 12 வாரம் வரை கடுமையான கால்வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பாதியினருக்கு விரைவில் அறுவை சிகிச்சை செய்தார்கள்; மறுபாதியினரைக் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி வெகு சீக்கிரம் நின்றது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருக்கச் சொன்னவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர், வலி தாங்காமல் இடையில் அறுவை செய்துகொண்டதையும் சேர்த்தே அந்தக் கணக்கு. ஆகவே அறுவை சிகிச்சையால் நீங்கள் பெறக்கூடியது முக்கியமாக விரைவான நிவாரணம். தூங்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. வாரத்துக்கு வாரம் சிறிதேனும் குறைந்து வந்தால் பொறுத்திருக்கலாம்.

இதில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. சுவரைத் தொட்டுக்கொண்டு முதலில் குதிகால்களில் சில அடிகளும் பிறகு நுனிக்கால்களில் சில அடிகளும் நடந்து பாருங்கள். வலது காலில் முன்பாதம் தூக்க வரவில்லை, அல்லது வலது நுனிக்காலில் மட்டும் நிற்க முடியவில்லை, அந்த பலவீனம் கூடிக்கொண்டே போகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. அதனினும் அவசரமானது வேறொன்று இருக்கிறது. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் ஒரு கற்றையாக இறங்குகின்றன. பெரிய டிஸ்க் துண்டு அந்தக் கற்றை முழுவதையும் நெரித்தால், உட்காரும்போது இருக்கையில் படும் பகுதியும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடமும் மரத்துப்போகும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளும், அல்லது தெரியாமலே கசியும். மலத்தை அடக்க முடியாது. இரு கால்களும் தளரும். இவற்றில் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சில மணி நேரத் தாமதம்கூடச் சிறுநீர்க் கட்டுப்பாட்டை நிரந்தரமாக இழக்கச் செய்யலாம். கூச்சத்தால் இதை வெளியே சொல்லாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு என்பதால், இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

கேள்வி: கணினியில் ஒன்பது மணி நேர வேலை, அதன் பிறகு செல்பேசி. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை இறுகிப்போய் வலிக்கிறது. குனிந்து செல்பேசி பார்த்தால் கழுத்தில் 27 கிலோ எடை ஏறுகிறது என்று படித்தேன். உண்மையா? வயது 29.

பதில்: அந்த எண் 2014-இல் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை 60 பாகை முன்னே சாய்ந்தால், கழுத்தெலும்புகள்மீது ஏறும் விசை அவ்வளவு ஆகும் என்பது அதன் கணக்கு. உயிருள்ள கழுத்தில் யாரும் அளந்து சொன்னதில்லை. கழுத்தைக் குனிவது மனிதருக்கு இயல்பான அசைவு. செல்பேசியில் குனியும் கோணத்தையும் கழுத்துவலியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளையே தந்திருக்கின்றன. குனிவதைவிட, குனிந்தபடியோ நிமிர்ந்தபடியோ மணிக்கணக்கில் அசையாமல் இருப்பதுதான் தசையைக் களைப்படையச் செய்கிறது. அதனுடன் தூக்கக் குறைவும் வேலை நெருக்கடியும் சேர்ந்தால் வலி நிலைத்துவிடுகிறது.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினியாக இருந்தால் அதை உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை சேர்த்துக்கொள்ளுங்கள். முன்கைகள் மேசையிலோ நாற்காலியின் கைப்பிடியிலோ தாங்கப்பட வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் கைகளின் எடை முழுவதையும் கழுத்தின் பக்கத் தசைகள்தாம் தூக்கிக்கொண்டிருக்கின்றன. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்றாலே போதும்.

இவற்றைவிட நான் அதிகம் நம்புவது தசைகளை வலுப்படுத்துவதைத்தான். டென்மார்க்கில் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், கழுத்தும் தோளும் வலித்த அலுவலகப் பணியாளர்கள் ஒரு ரப்பர் பட்டையைக் கொண்டு நாளுக்கு இரண்டே நிமிடம் பயிற்சி செய்தார்கள். பத்து வாரத்தில் அவர்களுடைய வலி தெளிவாகக் குறைந்தது. பட்டையின் நடுப்பகுதியைப் பாதங்களால் மிதித்துக்கொண்டு, இரு முனைகளையும் கைகளில் பிடித்து, முழங்கையைச் சற்றே மடக்கியபடி, கைகளைப் பக்கவாட்டில் தோள் மட்டம் வரை உயர்த்தி மெதுவாக இறக்க வேண்டும். அவ்வளவுதான். கழுத்துக்கென்று தனியாக எதையும் திருகவோ நெரிக்கவோ வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு வயது 57. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். படுக்கையில் புரண்டு படுக்கும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் தலை சுற்றுகிறது. கழுத்துத் தேய்மானம்தான் காரணம் என்று இரண்டு மாதமாகக் கழுத்துப் பட்டை அணிகிறேன். பலனில்லை.

பதில்: நீங்கள் சொல்லும் விவரம் காதைச் சுட்டிக்காட்டுகிறது அம்மா. உட்காதில் சமநிலையை உணரும் பகுதியில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை குறிப்பிட்ட நிலைக்குத் திரும்பும்போதெல்லாம் அறையே சுழல்வதுபோல் இருக்கும். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். புரண்டு படுப்பதும் அண்ணாந்து பார்ப்பதும் இதற்கே உரிய தருணங்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ உங்களைப் படுக்கவைத்துத் தலையைத் திருப்பிக் கண்களைப் பார்த்தே இதை உறுதிசெய்வார். எப்ளி முறை என்னும் தலைத் திருப்பல்களைச் செய்து, பெரும்பாலும் ஓரிரு அமர்வுகளிலேயே துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட முடியும். 57 வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்குக் கழுத்தில் தேய்மானம் தெரியும் என்பதால், தலைசுற்றலுக்கான பழி அதன்மேல் விழுந்துவிடுகிறது. தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கத் தளர்ச்சி சேர்ந்தால் மட்டும் அது மூளைக்கான அவசர நிலை.

பட்டையை நாளுக்கு நாள் நேரம் குறைத்து விட்டுவிடுங்கள். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை போன்ற காரணங்கள் இல்லாதபோது அதைச் சில நாளுக்கு மேல் அணிந்தால் தசைகள் மெலிந்து, கழுத்து மேலும் இறுகும்.

கழுத்துத் தேய்மானத்தில் உண்மையாகவே கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு; அது பெரும்பாலும் வலியோடு வருவதில்லை. எலும்பு வளர்ச்சியும் டிஸ்க்கும் சேர்ந்து தண்டுவடத்தையே நெருக்கும்போது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, கையிலிருந்து பொருள்கள் நழுவுவது, நடையில் தள்ளாட்டம் என அது மெதுவாகத் தொடங்கும். பத்து நொடிகளுக்குள் கையை முழுதாக விரித்து, முழுதாக மூடி எத்தனை முறை செய்ய முடிகிறது என்று பார்ப்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை. இயல்பான கை 20 முறையாவது செய்யும். அதைவிட வெகுவாகக் குறைந்து, விரல்கள் விரியத் தயங்கினால் நரம்பியல் பரிசோதனை தேவை. இந்த நிலைக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

கேள்வி: என் மகனுக்கு வயது 26. ஓராண்டாக விடியற்காலையில் முதுகுவலியால் எழுந்துவிடுகிறான். காலையில் ஒரு மணி நேரம் விறைப்பாக இருக்கிறது, நடந்தால் சரியாகிறது. ஓய்வெடுத்தால் கூடுகிறது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது.

பதில்: மற்றவர்களுக்குச் சொன்ன ஆறுதலை உங்கள் மகனுக்குச் சொல்ல மாட்டேன். 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலை விறைப்பு அரை மணியைக் கடந்து, அசைந்தால் குறைந்து ஓய்வில் கூடும் வலி, முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இந்த வகையைச் சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டுகளின் எம்.ஆர்.ஐ., இரத்தத்தில் அழற்சி அளவு, இந்நோயோடு தொடர்புடைய மரபணுவைத் தேடும் எச்.எல்.ஏ.-பி27 சோதனை ஆகியவை தேவைப்படும். கண் சிவந்து வலித்ததா, சொரியாசிஸ் என்னும் தோல் நோய், குடல் அழற்சி, குதிகால் வலி உண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா என்பதையும் மருத்துவர் கேட்பார். எலும்பு மருத்துவரைவிட மூட்டுவாத நோய் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. இந்த நோய் பல ஆண்டுகள் சாதாரண முதுகுவலி என்ற பெயரில் கண்டுபிடிக்கப்படாமலே போவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

கேள்வி: முதுகுவலிக்கு வெறும் தரையில் படுப்பது நல்லதா? எந்த மெத்தை வாங்கலாம்?

பதில்: தரைதான் நல்லது என்பதற்குச் சான்று இல்லை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு இடையிலும், மல்லாந்து படுக்கும்போது முழங்கால்களுக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. பத்து நிமிடம் நடந்தால் இரு கால்களும் கனத்து மரத்துவிடுகின்றன. உட்கார்ந்தால் உடனே சரியாகிறது. தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடக்கும்போது எவ்வளவு தூரமும் போகிறார். இது முதுகுப் பிரச்சினையா?

பதில்: ஆம், பெரும்பாலும் கீழ்முதுகில் நரம்புப் பாதை குறுகியிருப்பதன் அடையாளம். குனியும்போது அந்தப் பாதை சற்று அகலமாகிறது, நிமிரும்போது குறுகுகிறது. கால் இரத்தக் குழாய் அடைப்பிலும் நடந்தால் வலி வரும். ஆனால் அதில் குனியத் தேவையின்றி, வெறுமனே நின்றாலே வலி தணியும். அம்மாவுக்குச் சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ இருந்தால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால், பாதத்தின் நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் போன்ற, முன்னோக்கிச் சாய்ந்து செய்யும் பயிற்சிகள் அவருக்கு ஏற்றவை. நடக்கும் தூரம் மிகவும் சுருங்கினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: மூன்று ஆண்டாக முதுகுவலி. எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. ‘ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்’ என்கிறார்கள். நான் நடிக்கவில்லை டாக்டர். வலி நிஜமாகவே இருக்கிறது.

பதில்: உங்கள் வலி உண்மையானது. படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. மூன்று மாதத்தைக் கடந்து நீடிக்கும் வலியில், திசுவின் காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்காமல் இருந்துவிடலாம். அப்போது சாதாரண அசைவும் மெல்லிய தொடுதலும்கூட வலியாக உணரப்படும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் அச்சமும் தனிமையும் அந்த உணர்திறனை மேலும் கூட்டுகின்றன. மனநிலைக்கும் வலிக்கும் தொடர்பு உண்டு என்று சொல்வதும், வலியே மனப்பிரமை என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொன்னவர்கள் உங்களுக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள்.

நீங்கள் தனியாகவும் இல்லை. 2020-இல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நீடித்த முதுகுவலிக்கென்று 2023 டிசம்பரில் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை போன்ற உளவியல் உதவி, தேவையெனில் அழற்சி குறைக்கும் மருந்து ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, எடை கட்டி இழுக்கும் சிகிச்சை, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிமருந்து ஆகியவை வேண்டாம் என்கிறது. நீங்கள் மூன்று ஆண்டில் பெற்ற சிகிச்சைகளை இந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தப் பயிற்சி சிறந்தது என்ற கேள்விக்கு, நீங்கள் விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே என்பதுதான் என் பதில். நடைப்பயிற்சியிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்டவர்கள் படிப்படியாக நடையைக் கூட்டிக்கொண்டபோது, வலி திரும்ப வருவதற்கான இடைவெளி நடுமட்டமாக 112 நாளிலிருந்து 208 நாளாக நீண்டது. அது மீண்டவர்களைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், உங்களுக்கும் நடை பாதுகாப்பானது. வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது இந்நிலையில் பலரும் சிக்கிக்கொள்ளும் சுழல். நல்ல நாளானாலும் மோசமான நாளானாலும் நடக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். பத்து நிமிடம் எளிதென்றால் எட்டு நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும் கூட்டுங்கள். தூக்கமின்மைக்குத் தனியாகச் சிகிச்சை கேளுங்கள். முன்னேற்றத்தை வலியின் அளவை வைத்து அளக்காமல், சென்ற மாதம் செய்ய முடியாத எந்த வேலையை இந்த மாதம் செய்ய முடிகிறது என்று பாருங்கள். வலி குறைவது அதற்குப் பின்னால்தான் வரும்.

கேள்வி: கழுத்து இறுகும்போது நண்பர் இரு பக்கமும் வேகமாகத் திருப்பி நெட்டி எடுத்துவிடுகிறார். உடனே இதமாக இருக்கிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் சத்தம் மூட்டுக்குள் வாயுக் குமிழி உருவாவதால் எழுவது; எதுவும் இடத்தில் பொருந்தியதாக அதற்குப் பொருள் இல்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் இரண்டு கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது என்றாலும், இளம் வயதினருக்கும் நேர்ந்திருக்கிறது. நீங்களாகக் கழுத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்பினாலே இறுக்கம் தளரும். ஒருவேளை திருகியபின் இதுவரை அறியாத கடும் பிடரிவலி, தலைசுற்றல், பார்வை மங்கல், நடையில் தடுமாற்றம் தோன்றினால், கழுத்துப் பிடிப்பு என்று எண்ணி வீட்டில் இருந்துவிடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கழுத்து திருகப்பட்டதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.